வைகாசி சீட்டு

இல்லீங்க ஐயா, ஆளு யாரும் வரல. உக்காருங்க. அந்தப் பைய நான் மடியில வெச்சுக்கறேன். பெரிய பொட்டி மேல இருக்குது, விழாது, கட்டியிருக்கேன். துறையூர் போகணும் நானு. பெரம்பலூர்ல எறங்கி மாறிக்கன்னு கண்டக்டர் சொன்னாரு.

ஆமாங்க, வெளிநாடுதான். பொட்டியப் பாத்தாலே தெரிஞ்சிருதுல்ல. மஸ்கட். பெரிய பெரிய கட்டடத்துக்கு ஏசி காத்து போற குழாய் தகரத்துல செய்வாங்களே, டக்ட்டுன்னு, அந்த வேல. பதினோரு வருசம் ஆச்சு. இப்ப லீவுல வந்திருக்கேன். லீவுன்னா முப்பது நாளு. அதுல அஞ்சு நாளு இப்பவே போயிருச்சு. இன்னும் வீட்டு வாசல மிதிக்கல, அஞ்சு நாளு காலி. அதான் எனக்கு வருத்தம். வேற ஒண்ணும் இல்ல.

எப்படிப் போச்சுன்னா, எங்க ரூம்காரன் ஒருத்தன் செத்துப் போயிட்டான். கொளஞ்சிநாதன்னு பேரு, கொளஞ்சின்னு கூப்பிடுவோம். ஜெயங்கொண்டத்துக்காரன். அவன் உடம்பக் கொண்டாந்து அவன் வீட்டுல சேத்துட்டுத்தான் வர்றேன். நேத்து காலையில திருச்சியில எறங்குச்சு, மத்தியானம் எடுத்துட்டாங்க, இன்னிக்கு விடிஞ்சதும் பால் தெளிச்சாங்க, பஸ் ஏறிட்டேன். உடம்புகூட ஒரு ஆளு போகணும்னு சட்டமாம். மேனேஜர் கூப்பிட்டு, ஒரே ரூம்புதானே, நீ போ, உன் வெக்கேஷன முன்னாடி தள்ளிப் போட்டுர்றோம்னாரு. என்னைக்கு அவரு சொன்னாரோ அன்னைக்கே லீவு ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரி, போலீசு, எம்பசின்னு பேப்பருக்கு அலைஞ்ச நாளெல்லாம் என் லீவு. சவக்கிடங்கு வாசல்ல நின்னது என் லீவு. நீங்களே சொல்லுங்க, இது ஞாயமா?

நான் பிளான் இல்லாம ஒரு வேல பண்ண மாட்டேன் ஐயா. அது என் சுபாவம். இந்த லீவுக்கு நான் பத்து மாசமா பிளான் போட்டேன். போன மே மாசம் லீவு முடிஞ்சு கிளம்பறேன், ஏர்போர்ட்டுக்கு வேன் வந்து நிக்குது, என் பொண்ணு மோனிஷா கேக்குது, ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்களேப்பான்னு. முப்பது நாளும் ரேஷன் கார்டு, பட்டா மாத்தறது, பங்காளி வீட்டுக் காரியம்னு போயிருந்துச்சு. பதினோரு வருசத்துல நாங்க மூணு பேரும் சேந்து ஒரு எடத்துக்குப் போனதில்ல. எங்க ஊர்லேருந்து பாத்தா பச்சமல தெரியும். அங்ககூடப் போனதில்ல. சரி, அடுத்த வருசம் கண்டிப்பான்னு சொல்லிட்டு ஏறினேன். மஸ்கட் போய் எறங்கின மறுநாளே ஆரம்பிச்சேன்.

சைட்ல எஞ்சினியர் ரூம்ல ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருப்பாங்க. எந்த மாடியில எந்த வேல எந்த வாரம்னு பட்ட பட்டையா கலர் அடிச்சு. அதே மாதிரி பழைய டிராயிங் ஷீட்டுக்குப் பின்னாடி நானும் ஒண்ணு போட்டு, என் அலமாரிக் கதவுல உள்பக்கமா ஒட்டிட்டேன். துறையூர் டு மேட்டுப்பாளையம் ஒரு பட்ட. மல ரயில் ஒரு பட்ட. படகு, பூங்கா, தொட்டபெட்டா. மழ பேஞ்சா என்ன பண்றதுன்னு அதுக்கு ஒரு பட்ட. ஸ்வெட்டர் கோடையில கெடைக்காதுன்னு டிசம்பர்லயே மூணு ஸ்வெட்டர் வாங்கிட்டேன். அளவெல்லாம் போன வருசம் பாத்த ஞாபகத்துலயே கரெக்டா சொன்னேன், கடக்காரனே அசந்துட்டான்.

கொளஞ்சிக்கு மேல் கட்டிலு, எனக்குக் கீழ. மொதல்ல நான்தான் மேல இருந்தேன். எனக்கு முட்டி வலி வந்தப்ப, மேலதான் ஏசி நல்லா வருதுன்னு சொல்லி அவனே மாறிக்கிட்டான். ஏறறப்ப மூச்சு வாங்கும் அவனுக்கு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு என் சார்ட்டப் பாத்து எதையாவது நொட்டை சொல்லுவான். என்னடா ரெங்கராசு, பொண்டாட்டிகூடப் பேசறதுக்கு பட்டையே காணமேம்பான். அப்படி ஒரு ஆளு. யார் மனசும் நோகக் கூடாது அவனுக்கு. ஊருக்குப் போன் பண்ணா எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். காய்ச்சல்ல போர்த்திக்கிட்டுக் கெடந்தாலும், இப்பத்தான் பிரியாணி சாப்பிட்டேன்னு சொல்லுவான். கெட்ட சேதி சொல்றதுக்கு அவனுக்கு வாயே வராது.

இதுல லீவு எப்ப கெடைக்கும்னு ஒண்ணு இருக்குதுல்ல. அதச் சொல்லணும் உங்களுக்கு. எங்க டக்ட் கேங்குல பன்னெண்டு பேரு. ஒரு சமயத்துல ஒருத்தன்தான் ஊருக்குப் போகலாம். பன்னெண்டு பேரு, பன்னெண்டு மாசம். மாசம்னா ஒண்ணாந்தேதி ஆரம்பிக்காது, பதினஞ்சுலேருந்து பதினஞ்சு. ஏன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அது நமக்கு வாகாப் போச்சு, தமிழ் மாசம் அப்படியே வந்து பொருந்திக்கும். ஜனவரி பதினஞ்சு தை, மே பதினஞ்சு வைகாசி, ஜூலையில ஆடின்னு. ஆபீஸ்ல இங்கிலீஷ் மாசம் போட்டு ஒட்டுவாங்க, தமிழாளுங்க நாங்க தமிழ் மாசத்தத்தான் சொல்லிக்குவோம். டிசம்பர் மொத வெள்ளிக்கிழம குலுக்கல். சைட்ல தலைக்குப் போடற மஞ்சத் தொப்பியில பன்னெண்டு சீட்டப் போட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கறது. தைக்கு எல்லாரும் வேண்டிக்குவாங்க. ஆடி மட்டும் யாருக்கும் வேணாம். ஆடியில ஊருக்குப் போய் என்ன பண்றது? கல்யாணம் கெடையாது, காதுகுத்து கெடையாது. புதுசாக் கட்டிக்கிட்டவனா இருந்தா பொண்டாட்டியே ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பா.

எனக்கு வைகாசி விழுந்துச்சு. பள்ளிக்கூட லீவு. நான் கேட்டு வாங்கின மாதிரி. கொளஞ்சிக்கு ஆடி. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும், என்கிட்ட வந்து கேட்டான். சாப்பிட்டு முடிச்சு ரூம்ல இருந்தோம். அவன் ஊர்ல ஒரு வீடு கட்டிக்கிட்டிருந்தான். ஏழு வருசமா. ஒரு லீவுக்கு அஸ்திவாரம், ஒரு லீவுக்குச் சுவரு, ஒரு லீவுக்குத் தளம். தளத்துக்கு மேல அவன் பாக்கல, போன்லதான் பாத்தான். தரைக்கு என்ன டைல்ஸ்னு கடையிலேருந்து அவன் சம்சாரம் வளர்மதி காட்ட, இவன் இங்கேருந்து என்னையும் கூப்பிட்டு எதுடா நல்லாருக்குன்னு கேட்டு, நான் சொன்னதத்தான் போட்டாங்க. பழுப்புல வெள்ளப் புள்ளி. வேல முடியப் போகுது, குடியிருக்கிற வாடக வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஆனா நீங்க இல்லாம பால் காய்ச்ச மாட்டேன்னு அந்தம்மா ஒத்தக் கால்ல நிக்குது. இவன் லீவோ ஆடி. ஆடியில யாரு புது வீட்டுக்குப் போவா? இவன் நட்சத்திரத்துக்கு வைகாசியில ஒரே ஒரு முகூர்த்தம்தான் இருக்குன்னு ஜோசியரு சொல்லிட்டாராம். ஆவணிய விசாரிச்சான். அது ஒரு மலையாளிகிட்ட இருக்குது, ஓணம். உயிர வேணா குடுப்பான், ஓணத்தக் குடுக்க மாட்டான்.

அதனால என்கிட்ட வந்தான். "ரெங்கராசு, வைகாசிய எனக்குக் குடு. ஆடிய நீ எடுத்துக்க. ஆடியில குத்தாலத்துல தண்ணி விழும், பாப்பாவ அங்க கூட்டிட்டுப் போ" அப்படின்னான்.

நான் என்ன தப்பா சொன்னேன்? ஆடியில பள்ளிக்கூடம் இருக்கும், புள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னேன். பிளான் போட்டாச்சு கொளஞ்சி, இப்ப மாத்தினா எல்லாம் மாறும்னேன். ஞாயமான பேச்சுதானே ஐயா? எனக்கு விழுந்த சீட்டு. நான் திருடல. யாரையும் ஏமாத்தல. சரி விடு, பாத்துக்கலாம்னான் அவன். மேல ஏறிப் படுத்துட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதப் பத்தி அவன் பேசவே இல்ல. ஒரு தடவ கேட்டான், நான் ஒரு தடவ இல்லன்னேன். முடிஞ்சுபோச்சு. முகூர்த்தம் எந்தத் தேதின்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

என் சம்சாரம் இந்திராணிகிட்ட போன்ல இதச் சொன்னேன். அவ ஒடனே, அய்ய, குடுத்துருங்களேன், அவங்க வீட்டு நல்ல காரியம்லங்கறா. ஊட்டி எங்க ஓடிரப் போகுதுங்கறா. அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. மோனிஷா பத்தாவது போகுது, மே மாசம் பூரா ஸ்பெஷல் கிளாஸ் உண்டுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்களாம். நான் வந்து ஹெட்மாஸ்டரப் பாத்துப் பேசிக்கறேன், நீ அதுல தலையிடாதன்னேன். அவளுக்கு பிளான்னா என்னன்னு தெரியாது. ஒரு பட்டைய நவுத்தினா அத்தனையும் நவுரும். அதுக்கப்புறம் அவ சரிங்க, சரிங்கன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா.

மல ரயிலுக்கு டிக்கெட் கெடைக்கறது இருக்கே, அது லேசுப்பட்ட வேல இல்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காலையில எட்டு மணிக்குத் தெறப்பாங்க, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். நம்மூரு எட்டு மணின்னா அங்க ஆறரை. அந்த நேரத்துல நாங்க சைட்டுக்குப் போற பஸ்ஸுல உக்காந்திருப்போம். என் விரலு தகரம் வெட்டி வெட்டி மரத்துக் கெடக்கு, போன்ல ஒண்ண அமுக்கினா இன்னொண்ணு போகும். கொளஞ்சி, குடுடா நான் பாக்கறேன்னு வாங்கினான். எந்தத் தேதின்னான். மே இருபத்தொண்ணுன்னேன். அவன் கொஞ்ச நேரம் போனையே பாத்துக்கிட்டிருந்தான். நெட்டு சரியில்ல போலன்னு நான் நெனச்சேன். அப்புறம் அமுக்கினான். மூணு சீட்டு, ஜன்னலோரம். ஒரே முயற்சியில போட்டுக் குடுத்துட்டான். பஸ்ஸுல எல்லாரும் கை தட்டினாங்க. நான் அன்னிக்கு அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

அதுக்கு மறு வெள்ளிக்கிழம செத்துட்டான். வெள்ளிக்கிழம எங்களுக்குத் துணி தொவைக்கற நாளு. தொவைச்சு முடிச்சு பக்கெட்டத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறினான். நாலஞ்சு படியில உக்காந்துட்டான். நான் கீழ சட்டையப் புழிஞ்சுக்கிட்டிருந்தேன். என்னடான்னேன். மூச்சு வாங்குதுன்னான். செத்த உக்காருன்னேன். என் துணியெல்லாம் கொடியில போட்டு, கிளிப்பு மாட்டிட்டு வந்து பாத்தா உக்காந்த வாக்குலயே இருக்கான். பக்கெட்டு அவன் மடியில இருந்துச்சு. தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு. நான் அவன் தோளத் தொட்டேன். அப்புறம் யாரையோ கூப்பிட்டேன். அழுவல நானு. இப்ப வரைக்கும் அழுவல ஐயா. ஏதோ பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்குது, எல்லா எடத்துலயும். சாப்பிடறேன், தூங்கறேன், கையெழுத்துப் போடுன்னா போடறேன். டீ குடிச்சா சூடு தெரியுது, இனிப்பு தெரியல.

தண்ணி இருக்குங்களா? ஒரு வாய் குடுங்க. ம். போதும்.

நேத்து வீட்டுக்குக் கொண்டு போனப்ப ஒரு பிரச்சன. வாடக வீட்டுல உடம்ப வெக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. காலி பண்றவங்கதானே, அடுத்து யாரு குடி வருவாங்கங்கறாரு. சரி, புது வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்குதே, அங்க போலாம்னா, வளர்மதிக்கு அண்ணன் முறை ஆகற பெரியவரு ஒருத்தரு குறுக்க நிக்கறாரு. பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள மொதல்ல பொணம் நொழையக் கூடாது, அப்புறம் அந்த வீட்டுல புள்ளைங்க எப்படிக் குடியிருக்கும்கறாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. புது வீட்டு வாசல்ல தெருவுல சாமியானா போட்டிருந்தாங்க. அங்கயே பெஞ்சு மேல வெச்சிருவோம்னு எல்லாரும் சொன்னாங்க. பெட்டி வேன்லயே இருக்குது. நல்ல வெயிலு.

வளர்மதி அதுவரைக்கும் வேன் பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. எந்திரிச்சு வந்து இடுப்புலேருந்து சாவிய எடுத்து கதவத் தொறந்துருச்சு. "ஏழு வருசமாக் கட்டினவரு தெருவுலயாண்ணே கெடப்பாரு? நாங்க எப்படியோ இருந்துக்கறோம். அவர உள்ள கொண்டாங்க" அப்படின்னுச்சு. சத்தம் போடல. சாதாரணமாத்தான் சொன்னுச்சு.

யாரும் பெட்டியத் தொடல. நமக்கு எதுக்கு வம்புன்னு அக்கம்பக்கம் பாக்கறாங்க. எனக்கென்ன, நான் வெளியூர்க்காரன். நானும் வேன் டிரைவரும் புடிச்சோம். அப்புறம் ரெண்டு பேரு பின்னாடி வந்து புடிச்சாங்க. வாசக்கால் கொஞ்சம் குறுகலு. என் தொழிலு அதுதானே, எந்த ஓட்டையில எது நொழையும்னு பாத்ததும் சொல்லிருவேன். நேராப் போகாது, ஒரு பக்கமா சாச்சுப் புடிச்சா ரெண்டு விரக்கடை மிச்சம் இருக்கும்னேன். சாச்சோம். போச்சு. எனக்கு வேற எதுவும் தோணல, அளவுதான் தோணுச்சு. நான் முன்னாடி புடிச்சிருந்தேன். கூட்டத்துல வயசான அம்மா ஒண்ணு, வலது கால எடுத்து வெய்யின்னு பழக்கத்துல சொல்லிருச்சு. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிச்சு. நான் வலது கால்தான் வெச்சேன். அந்த வீட்டுல குடி வர்ற மாதிரி மொதல்ல வலது கால் வெச்சது நான்தான் ஐயா. பழுப்புல வெள்ளப் புள்ளி டைல்ஸு. போன்ல பாத்ததவிட நேர்ல நல்லா இருக்குது.

இன்னிக்குக் காலையில கிளம்பறேன்னு சொல்லிக்காம, அதான் துக்க வீட்டுல சொல்லிக்கக் கூடாதுல்ல, சும்மா பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வர்றேன். அந்தம்மா உள்ளேருந்து கூப்பிட்டுச்சு. உக்காரச் சொல்லல. நின்னுக்கிட்டே பேசுச்சு. "அண்ணே, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். எங்களுக்காக வைகாசிய விட்டுக் குடுத்தது நீங்கதான்னு அவரு சொல்லிட்டாரு. பொங்கலுக்கு மறு வாரமே சொல்லிட்டாரு. ரெங்கராசு குடுத்துட்டான், நீ பத்திரிக அடிக்கச் சொல்லுன்னாரு. இப்ப அவரக் கொண்டாந்து சேத்ததும் நீங்கதான்" அப்படின்னுச்சு.

எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அந்தம்மா ஒரு பத்திரிகயக் கையில குடுத்துச்சு. இதோ, இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. பாருங்க. நாலு மூலையிலயும் மஞ்சத் தடவியிருக்குது. மொதப் பத்திரிக குலசாமிக்கு, ரெண்டாவது ரெங்கராசுக்குன்னு கொளஞ்சி போன்லயே சொல்லியிருக்கான். கவர் மேல எழுதியிருக்குது பாருங்க, துறையூர் ரெங்கராசு, குடும்பத்துடன். தேதியப் படிங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். வைகாசி ஏழு, மே இருபத்தொண்ணு.

அன்னிக்குத்தான் எங்களுக்கு மல ரயில். பஸ்ஸுல வெச்சு அந்தத் தேதிய அவன் விரலாலதான் அமுக்கினான்.

ஏன் ஐயா அப்படிச் சொல்லி வெச்சான்? நானும் நேத்துலேருந்து... இல்ல, இன்னிக்குக் காலையிலேருந்து நெனச்சுப் பாக்கறேன். ரெண்டு நாள்ல ரெங்கராசு மனசு எளகிருவான், எப்படியும் குடுத்துருவான்னு நெனச்சு சொல்லிட்டானா? சொன்னதுக்கப்புறம், இல்ல குடுக்கலன்னு சொல்ல அவனுக்கு வாய் வரலயா? அங்க பத்திரிக அடிக்கறாங்க, மஞ்சத் தடவறாங்க, இங்க இவன் எனக்கு ஜன்னலோர சீட்டுப் பாத்துப் போடறான். ரெண்டு மாசம் மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன நெனச்சிருப்பான்? கீழதான நான் படுத்திருந்தேன். கையத் தூக்கினா அவன் கட்டில் தட்டும். இன்னொரு தடவ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். குடுத்திருப்பேனான்னு தெரியல.

அந்தம்மாகிட்ட, ஆமாம்மான்னுட்டேன். என்ன சொல்றது? இல்லன்னு சொன்னா செத்தவன் பொய்யனாயிருவான். நான் சொன்ன அந்த ஒரு ஆமாவுக்கு அந்தம்மா என் கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிச்சு. நான் கைய இழுத்துக்கல.

இந்திராணி காலையில போன் பண்ணினா. எத்தன நாள் மிச்சம் இருக்குன்னு கேட்டா, சொன்னேன். மே மாசம் இல்லாமப் போச்சேன்னு நான் சொல்றேன், அவ சொல்றா, மே மாசம் வந்திருந்தாலும் நடந்திருக்காதுங்க, அந்த இருபத்தொண்ணாந்தேதி மோனிஷாவுக்கு ஏதோ பரீட்சகூட இருக்குதாம், நான்தான் அப்பவே சொன்னேனேங்கறா. அவ அப்பவே சொன்னாதான். கேட்டுச்சு எனக்கு. நான் காதுல போட்டுக்கல. எதுக்கும் ஆகாத ஒரு தேதிய நான் அவ்வளவு இறுக்கிப் புடிச்சு வெச்சிருந்திருக்கேன்.

இப்ப விசயம் என்னன்னா, கிளம்பறப்ப அந்தம்மா ஒண்ணு கேட்டுச்சு. ஒரு வருசம் துக்கம் முடியற வரைக்கும் நல்ல காரியம் செய்யக் கூடாது. அடுத்த வருசம் தெவசம் முடிஞ்சதும் அதே வைகாசியில பால் காய்ச்சிரலாம்ணே, நீங்க வந்து கூட நின்னாத்தான் எனக்கு அவரு நின்ன மாதிரி இருக்கும், லீவ அதுக்குத் தகுந்த மாதிரி இப்பவே பிளான் பண்ணிக்கங்கண்ணேன்னுச்சு. நான் பிளான் போடறவன்னு கொளஞ்சி சொல்லியிருக்கான் போல. வர்றேம்மான்னு சொல்லிட்டேன். வாய் தானாச் சொல்லிருச்சு.

ஆனா டிசம்பர்ல தொப்பியில கைய விட்டா எனக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? பன்னெண்டுல ஒண்ணு. ஆடி வந்தாலும் வரும். வைகாசி எவனுக்கு விழுந்திருக்கோ, அவன்கிட்ட நான் போய் நிக்கணும். அவனும் ஏதாவது பிளான் போட்டுத்தான் வெச்சிருப்பான். அவனுக்கும் புள்ளைங்க இருக்கும். எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன். கொளஞ்சி எப்படிக் கேட்டான்னு நெனச்சுப் பாத்தா, அவன் பேசினது எல்லாம் ஞாபகம் இருக்குது, வார்த்த வார்த்தையா. மூஞ்சி ஞாபகம் இல்ல. அன்னிக்கு நான் சார்ட்டுல படகுப் பட்டைக்கு நீலக் கலர் அடிச்சுக்கிட்டிருந்தேன் ஐயா. அவன் எனக்குப் பின்னாடி நின்னு கேட்டான். நான் திரும்பியே பாக்கல.